இளைப்பாறுதல்

(திருச்சிராப்பள்ளி தாயுமானவர் திருக்கோயில் சித்திரைப் பெருவிழாவில், செட்டிப்பெண் மருத்துவ நாளன்று மாலை நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



அடியேன் இன்று பேச எண்ணி வந்த பொருள் வேறு. ஆனால் மலையடியில் மாணிக்க விநாயகரை வணங்கிப் படியேறத் தொடங்கியபோது கண்ட ஒரு காட்சி, அந்தப் பொருளை மாற்றிவிட்டது.

எனக்கு முன்னே முதிய அம்மையார் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். தலையில் ஒரு வாழைத்தார். பேத்திக்குச் சுகப்பிரசவம் ஆனதற்காக இப்பெருமானுக்கு நேர்ந்துகொண்ட காணிக்கை என்று பின்னர் அறிந்தேன். பத்துப் படி ஏறுவார், நிற்பார், சுவரைப் பிடித்துக்கொள்வார். தாரை இறக்கி வைக்கவும் இயலாது. இறக்கினால் மீண்டும் தலையில் ஏற்ற ஆள் வேண்டும். அப்போது மேலிருந்து இறங்கி வந்த இளைஞன் ஒருவன், ஒரு சொல்லும் பேசாமல், அந்தத் தாரைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு மீண்டும் மேலே ஏறினான். சந்நிதி வாயிலில் தாரை இறக்கி வைத்தான். அம்மையார் நிமிர்ந்து பார்க்குமுன் இறங்கிப் போய்விட்டான். அம்மையார் படியில் அமர்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நெஞ்சின் அடியிலிருந்து ஒரு சொல் எழுந்தது: "அப்பாடா!"

மெய்யன்பர்களே! நாம் நாள்தோறும் சொல்லும் சொல் இது. சுமை இறங்கினால் "அப்பாடா" என்கிறோம். வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தால் "அம்மாடி" என்கிறோம். பெற்றோர் மறைந்து பல ஆண்டுகள் ஆனவரும் இளைப்பாறும் நொடியில் அப்பனையும் அம்மையையும் அழைக்கிறார்கள். நினைத்து அழைப்பதன்று, நா தானே அழைக்கிறது. உயிர் இளைப்பாறும் இடம் எது என்பதை நம் தாய்மொழி நமக்கு முன்னரே அறிந்து வைத்திருக்கிறது. அம்மையப்பனாக விளங்கும் பெருமான் தாயுமாகி வந்த இம்மலையிலே அச்சொல்லைக் கேட்டபோது, இன்று இளைப்பாறுதல் என்னும் சொல்லைப் பற்றியே பேச வேண்டும் என்று தோன்றிற்று.

இளைப்பாறுதல் என்பதில் இரண்டு சொற்கள் உள்ளன. இளைப்பு என்பது களைப்பு, மெலிவு, சோர்வு. ஆறுதல் என்பது தணிதல். சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது. உண்டவரைப் "பசியாறினீர்களா?" என்று கேட்கிறோம். பொறுக்க முடியாத துயரில் "மனம் ஆறவில்லை" என்கிறோம். கொதித்தது குளிர்வதும், புண்பட்டது கூடுவதும், குறைந்தது நிறைவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன.

ஓய்வு என்று வேறொரு சொல்லும் நம்மிடம் உண்டு. இரண்டும் ஒன்றெனப் பலர் எண்ணுகிறார்கள், ஒன்றல்ல. ஓய்தல் என்பது நின்றுவிடுதல். மழை ஓய்ந்தது என்றால் மழை நின்றது என்பது பொருள். நம் நாட்டில் வேலையை முடித்து வந்தவரை "ஓய்வு பெற்றவர்" என்கிறோம். ஈழத்துத் தமிழர் "இளைப்பாறிய ஆசிரியர்" என்று சொல்வார்கள். நாம் வேலை நின்றதைச் சொல்கிறோம். அவர்கள் களைப்பு நீங்கியதைச் சொல்கிறார்கள். வேலை நின்றுவிட்டால் களைப்பு நீங்கிவிடுமா? இங்கே பொன்மலைப் பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியோர் பலர் அமர்ந்திருக்கக் கூடும். நீங்களே சொல்லுங்கள். சங்கொலி கேட்டு ஓடிய கால்கள் ஓய்ந்தன, மனம் ஓய்ந்ததா? மகள் திருமணம், மகன் வேலை, உடம்பின் நோய் என்று அது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. உடல் கட்டிலில் கிடக்க, உள்ளம் உலையாய்க் கொதிக்கலாம். அது ஓய்வு, இளைப்பாறுதல் அன்று.

இன்னொன்றையும் எண்ணுங்கள். நம் வீட்டுத் தாய்மார்களுக்கு எந்த வயதில் ஓய்வு? இந்த விழாவுக்கு வந்திருக்கும் அம்மையார் எத்தனை பேர், சமைத்து மூடி வைத்துவிட்டு, திரும்பிப் போய்ப் பரிமாற வேண்டும் என்ற நினைவோடு அமர்ந்திருக்கிறீர்கள்! அவர்களுக்கு ஓய்வு கொடுக்க நம்மால் முடியாமற் போகலாம். இளைப்பாற்ற முடியும். எப்படி என்பதற்கு இம்மலைப் பெருமானே விடை.

தலபுராணம் கூறும் வரலாறு நீங்கள் அறிந்ததே. இன்று காட்சியாகவும் கண்டீர்கள். இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண் இவ்வூரில் நிறைசூலியாக இருந்தாள். பேறுகாலம் பார்க்கத் தாய் பூம்புகாரிலிருந்து வரவேண்டும். தாய் புறப்பட்டாள், மருந்தும் பொருள்களும் கட்டிக்கொண்டு வந்தாள். காவிரியில் வெள்ளம். அக்கரையில் தாய்; இக்கரையில் மகள். நோவு வந்துவிட்டது. அவள் செவ்வந்திநாதரை அழைத்தாள். பெருமான் அத்தாயின் வடிவிலேயே வந்தான். கதவைத் தட்டினான், உள்ளே போனான், மகப்பேறு பார்த்தான், தாய் செய்யும் பணி அத்தனையும் செய்தான். வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் வந்து நின்றபோது, வீட்டுக்குள்ளிருந்த தாய் மறைந்தாள். செவ்வந்திநாதர் தாயுமானவர் ஆனார்.

இவ்வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். இறைவன் நினைத்தால் அங்கிருந்தே வெள்ளத்தை வற்றச் செய்திருக்கலாம். இடப வாகனத்தில் காட்சி தந்து, "மகளே, அஞ்சாதே" என்று ஆறுதல் சொல்லியிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. நோவில் துடிப்பவளுக்கு அப்போது வேண்டியது காட்சியும் அன்று, சொல்லும் அன்று. வெந்நீர் வைக்க ஒரு கை வேண்டும். முதுகைத் தாங்க ஒரு மடி வேண்டும். அதனை அறிந்து, அந்தக் கையாக, அந்த மடியாக வந்தான்.

இதற்கு இணையான மற்றொரு நிகழ்ச்சியும் இந்த வட்டாரத்திலேயே நடந்திருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே, மண்ணச்சநல்லூர் வட்டத்தில் திருப்பைஞ்ஞீலி என்னும் பாடல்பெற்ற தலம் உள்ளது. ஞீலி என்பது வாழையில் ஒரு வகை. திருநாவுக்கரசர் பெருமான் அத்தலத்தை நோக்கி நடந்து வருகிறார். முதுமை, வெயில், பசியும் தாகமும் வருத்துகின்றன. ஆயினும் நடையை நிறுத்தவில்லை. இதனைப் பொறாத பெருமான் வழியிலே ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, பொதிசோறு ஏந்தி, ஓர் அந்தணராய்க் காத்திருந்தான். "மிகவும் களைத்து வந்திருக்கிறீர், இதனை உண்டு, இக்குளத்து நீர் பருகிச் செல்லும்" என்னும் கருத்துப்பட மொழிந்தான். அரசர் உண்டார், நீர் பருகினார், இளைப்பு நீங்கினார். "எங்கே போகிறீர்?" "திருப்பைஞ்ஞீலிக்கு." "நானும் அங்கேதான் போகிறேன்" என்று உடன் நடந்தான், ஊர் அணுகியபோது மறைந்தான். வந்தவன் யார் என்று உணர்ந்து அரசர் நிலத்தில் விழுந்து அழுதார் என்று சேக்கிழார் பெருமான் காட்டுகின்றார்.

பாருங்கள்! நாவுக்கரசருக்கு உபதேசம் செய்ய யாரும் வேண்டியதில்லை. சூலை நோயை வென்றவர். நீற்றறையிலே ஏழு நாள் இருந்தபோதும் இறைவன் திருவடியை நிழலாக உணர்ந்தவர். அவருக்கும் பசிக்கும், தாகம் எடுக்கும், கால் வலிக்கும். இறைவன் அவர் ஞானத்தைப் புகழவில்லை. சோறு கொண்டு வந்தான். பின்னர்ச் சிறிது தூரம் உடன் நடந்தான். இளைப்பாறுதல் பயணத்தின் முடிவன்று. மேலே நடப்பதற்கான வலிமை என்பதும் இதனால் விளங்கும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆறு என்பதன் பிறவினை ஆற்று. ஆறுவது தானே நிகழ்வது. ஆற்றுவது ஒருவர் செய்வது. குழந்தை பசித்து அழுகிறது, பால் கொதிக்கிறது. தாய் பால் தானே ஆறட்டும் என்று காத்திருக்கிறாளா? இரண்டு குவளைகளை எடுத்து, மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றுகிறாள். கையில் சுடுகிறது, அவள் பொருட்படுத்துவதில்லை. அதே ஆற்று என்னும் சொல்லைத்தான் "தொண்டாற்றுதல்", "பணியாற்றுதல்" என்று செயல் புரிவதற்கும் வழங்குகிறோம். இரண்டும் ஒரே வேரினவா, வெவ்வேறா என்பதை மொழிநூற் புலவர் ஆராயட்டும். நம் செவிக்கு அவை ஒன்றாய் ஒலிப்பதே நமக்கு ஒரு பாடம். செயல் புரிகிறவனே குளிரச் செய்கிறவன். வெறுஞ்சொல்லால் வெம்மை தணிவதில்லை.

இதனை அடியேன் நூலில் கற்கவில்லை. சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆயினும் இந்தச் சந்நிதியில் மறைப்பதற்கில்லை.

என் தாயார் இறுதிக் காலத்தில் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். என் தமக்கை அருகிலிருந்து பார்த்துக்கொண்டாள். அடியேன் அப்போது ஊர் ஊராய்ச் சென்று சொற்பொழிவு செய்துகொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு முறை வருவேன், தாயாருக்குத் திருநீறு இடுவேன், தமக்கைக்கு வினைப்பயனைப் பற்றியும் திருவருளைப் பற்றியும் நெடுநேரம் ஆறுதல் கூறுவேன், புறப்பட்டுவிடுவேன். ஒருநாள் அவ்வாறு கூறிக்கொண்டிருக்கையில் தமக்கை இடைமறித்தாள். "தம்பி! நீ சொல்வதெல்லாம் நல்ல வார்த்தைதான். எனக்கு அது வேண்டாமப்பா. இன்று ஒரு ராத்திரி நீ அம்மா பக்கத்தில் உட்கார். நான் தூங்க வேண்டும்" என்றாள்.

அன்றிரவு அமர்ந்தேன். ஒரே இரவு. நீர் கேட்பார், கொடுக்க வேண்டும். புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். துணி மாற்ற வேண்டும். சற்றுக் கண்ணயர்ந்தால் முனகல் கேட்கும். காவிரிக்கு நடுவே திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமானின் துயிலை அறிதுயில் என்பார்கள். உறங்குவது போல் தோன்றினும் எல்லாம் அறிந்திருக்கும் துயில். நோயாளியின் பக்கத்தில் படுக்கிறவர்களின் துயிலும் அத்தகையதே என்று அன்று அறிந்தேன். பல மாதங்களாக என் தமக்கை அப்படித்தான் உறங்கியிருக்கிறாள். விடியும்போது அடுத்த அறையில் அவள் விட்ட ஆழ்ந்த மூச்சொலி கேட்டது. நான் அதுவரை நிகழ்த்திய சொற்பொழிவுகள் எதனாலும் ஒருவருக்கு அவ்வளவு இளைப்பாறுதல் கிடைத்திருக்கும் என்று தோன்றவில்லை.

அன்று காலையில் எனக்கு ஒரு கல் நினைவுக்கு வந்தது. எங்கள் பாட்டியாரின் ஊர் காவிரிக் கரைச் சிற்றூர். ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இளையோர் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். நிமிர நட்ட இரண்டு கற்கள். அவற்றின்மேல் கிடையாக ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவி இல்லாமலே சுமையை அதன்மேல் தள்ளி வைக்கலாம். இளைப்பாறிய பின் தாமே மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். ஆள் உயரம் அறிந்து அமைத்த கல் அது. கருவுற்ற நிலையில் ஒரு பெண் மாண்டுவிட்டால், வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்விட்டாளே என்று வருந்தி, அவள் நினைவாக இத்தகைய கல்லை நடுவது நம் நாட்டு வழக்கமாக இருந்தது.

எங்கள் ஊர்க் கல் பாட்டியாரின் அக்காள் நினைவாக நட்டது. அவ்வழியே போகும்போதெல்லாம் பாட்டியார் அதனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சந்தைக்குப் போகும் பெண்கள் கூடையை அதன்மேல் வைத்து "அப்பாடா" என்று அமர்வதைக் கண்டால் அவர் முகம் மலரும். "எங்கக்கா இறக்கி வைக்காத சுமையை, ஊரே இறக்கி வைக்குது பார்" என்பார்.

தாய்மார்களே! இந்தக் கல்லை நட்ட நம் முன்னோரின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். தாயுமானவர் எல்லா வீட்டுக் கதவையும் தட்டவில்லை. வெள்ளம் வடியாத வீடுகளும் உண்டு. ஏன் என்று கேட்டால் அடியேனிடம் விடை இல்லை. விடை தெரிந்தவன் போல் பேசினால், என் தமக்கையிடம் பேசிய பழைய பேச்சே ஆகும். மகளை இழந்த அந்தக் குடும்பத்தார்க்கும் விடை தெரிந்திருக்காது. அவர்கள் துயரை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? கல்லாக்கி வழியோரத்தில் நட்டார்கள். தங்களுக்குக் கிடைக்காத இளைப்பாறுதலை வழிப்போக்கர்க்குக் கிடைக்கச் செய்தார்கள். அந்தக் கல் பேசாது. "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாது. நிற்கும்; தாங்கும். பேசாமல் தாங்குவதே அதன் பணி.

சும்மா இருத்தலை மௌனகுருவிடம் கற்ற தாயுமான சுவாமிகள் வாழ்ந்த ஊர் இது. விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) அவையில் கணக்குத் துறையில் பெரும் பதவி வகித்தவர், அதனைத் துறந்தவர். சும்மா இருத்தல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு கிடப்பது என்று சிலர் எண்ணுவர். அடியேனுக்குத் தோன்றுவது வேறு. நான் செய்கிறேன், நான் தாங்குகிறேன் என்னும் வெம்மை ஆறிப்போன நிலை அது. சுமைதாங்கியும் சும்மாதான் இருக்கிறது. ஆனால் ஊர்ச் சுமையெல்லாம் அதன்மேல்.

தாங்குகிறவர்க்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. அதனைத் திருவானைக்காவில் காண்கிறோம். வெண்ணாவல் மரத்தடியில் இருந்த பெருமான்மேல் சருகு விழாமல் இருக்கச் சிலந்தி வலையால் பந்தல் இட்டது. யானை துதிக்கையில் நீர் கொணர்ந்து ஆட்டியது. ஒன்று நிழல் தந்தது. மற்றொன்று குளிர்ச்சி தந்தது. இளைப்பாற இந்த இரண்டும் வேண்டுமே! ஆனால் வலையைக் குற்றமென்று கருதி யானை அழித்தது, சினந்த சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடித்தது, இரண்டும் மாண்டன. ஒரே பெருமானுக்குத் தொண்டு செய்தவர்கள், ஒருவர் தொண்டை மற்றவர் அறியவில்லை. பெற்ற தாயைப் பேணுவதில் உடன்பிறந்தார் இடையே இன்று நிகழ்வதும் இதுதான். பணம் அனுப்புகிறவர் யானை. அருகிலிருந்து துணி மாற்றுகிறவர் சிலந்தி. அருகிலிருப்பவரின் வலை மெல்லியது; கண்ணுக்குத் தெரியாது; தும்பிக்கையால் கலைத்துவிடாதீர்கள். சிலந்தியின் தொண்டைப் பெருமான் சிறிதென்று எண்ணவில்லை. அது கோச்செங்கட் சோழராகப் பிறந்து பல திருக்கோயில்களை எடுப்பித்தது. நிழல் செய்த உயிர் மறுபிறப்பிலும் நிழலே செய்தது.

இம்மலையின் மேற்குகையில் மகேந்திரவர்மப் பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த கோயில் இருக்கிறது. அங்கே கங்கையைச் சடையில் ஏற்கும் பெருமானைப் புடைப்புச் சிற்பமாகக் காணலாம். விண்ணிலிருந்து வேகமாய் விழுந்த ஆறு. நிலத்தில் நேரே விழுந்தால் உலகம் தாங்காது. பெருமான் தலையைக் கொடுத்தான். அவன் சடையிலே ஆறு ஆறியது. அதன்பின் அது அழிக்கும் வெள்ளமாக இல்லாமல் வளர்க்கும் நீராக ஓடிற்று. முதல் சுமைதாங்கி நம் பெருமானே அன்றோ!

மெய்யன்பர்களே! தலைச்சுமை குறைந்து வண்டிகள் பெருகிய பின் சுமைதாங்கிக் கற்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. எங்கள் ஊர்க் கல்லும் சாலை உயர்ந்து பாதி மண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் மனிதர் சுமப்பது குறைந்துவிட்டதா? கண்ணுக்குத் தெரியாத சுமை கூடியிருக்கிறது. ஆகவே இவ்விழாவின் பயனாக ஒன்றே ஒன்றை வேண்டுகிறேன். இன்று வீடு திரும்பியதும் உங்கள் வீட்டிலும் தெருவிலும் நெடுநாள் சுமப்பவர் யார் என்று பாருங்கள். அவருக்கு நல்வார்த்தை சொல்வதற்கு முன், ஓர் இரவு, ஒரு வேளை, ஒரு நாழிகையேனும் அந்தச் சுமையை வாங்கி உங்கள் தோளில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் "அப்பாடா" என்று அமரட்டும். அவர் அழைப்பது தம் அப்பனை என்று அவர் எண்ணலாம். அது அம்மையப்பன் செவியிலும் விழும்.

படியில் கண்ட இளைஞனைத் தாயுமானவர் என்று சொன்னால் மிகையாகும். அவன் யாரோ ஒரு தாயின் பிள்ளை. ஆயினும் அந்தச் சில படிகளில் அவன் செய்தது தாயுமானவர் செய்த வேலை. அந்த அம்மையார் இப்போது தரிசனம் முடித்து இறங்கிக்கொண்டிருப்பார். அவர் தலையில் இப்போது சுமை இல்லை.

எல்லா உயிர்களும் இளைப்பாறுக. அவற்றை இளைப்பாற்றும் பணியில் நம்மையும் பெருமான் ஏற்றுக்கொள்வானாக.

திருச்சிற்றம்பலம்.